சுண்ணாம்பாற்றுச் செல்லாக்காசு மீன்களும் பிரான்சுக்குக் குடிபெயரும் யோசனையும்

வில்லியனூர் பேட்டரிக்கடை (புதுச்சேரி) கேட்கிறார்:

வணக்கம். மீன் வளர்ப்பும் தெரிந்து, வெளிநாட்டில் குடியேறி வாழ்ந்த அனுபவமும் உள்ளவர்களிடம் யோசனை கேட்பதற்காக இதை எழுதுகிறேன். முழு விவரத்தையும் சொன்னால்தான் உருப்படியான பதில் கிடைக்கும் என்பதால் கொஞ்சம் நீளும்.

நான் வில்லியனூரில் இன்வெர்ட்டர், பேட்டரி கடை நடத்துகிறேன். என் மனைவி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். 1962 ஆகஸ்டில் பிரான்சு புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக்கொடுக்க ஆறு மாத அவகாசம் தந்தார்கள் அல்லவா, அப்போது எழுதிக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. மைத்துனர் பல ஆண்டுகளாகப் பாரிசின் வடக்குப் புறநகரில் இருக்கிறார். மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதுகிறாள். அவளை அங்கே லீசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், சேர்க்க வேண்டும், மூன்று பேரும் ஒன்றாகப் போக வேண்டும் என்பது மனைவியின் விருப்பம். பிரெஞ்சுக் குடிமகளின் கணவன் என்ற முறையில் எனக்கு நீண்டகால விசா கேட்கலாம். மாலை வேளைகளில் அலியான்ஸ் பிரான்சேசில் மொழி படிக்கிறேன். பிழைப்பைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. மின்சார வேலை தெரிந்தவன் எந்த ஊரிலும் பட்டினி கிடக்கமாட்டான் என்று நம்புகிறேன்.

என் தயக்கமெல்லாம் மாடியில் இருக்கும் பதினொரு தொட்டிகளைப் பற்றியது.

அவற்றில் நான்கில் இருப்பவை ஏஞ்சல், கௌராமி, கொஞ்சம் டெட்ரா. யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேன். மற்ற ஏழிலும் இருப்பது செல்லாக்காசு. கடைகளில் ஆரஞ்சு குரோமைடு என்று சொல்வார்கள். நோணாங்குப்பத்தில் வீச்சு வலை போடுகிறவர் ஒருவரிடம், சுண்ணாம்பாற்றுக் கழிமுகத்தில் பிடித்ததை என் தந்தை வாங்கி வந்தார். இப்போது என்னிடம் இருப்பவை அனைத்தும் அவற்றின் வாரிசுகள். இடையில் வெளி மீன் ஒன்றுகூடச் சேரவில்லை. கடைகளில் பரவலாகக் கிடைப்பது தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மஞ்சள் வகை. என்னுடையவை ஆற்றில் இருந்த நிறத்திலேயே இருக்கின்றன: விலாவில் கரும்புள்ளி, அதைச் சுற்றி வரிசை வரிசையாகச் செம்புள்ளிகள், குஞ்சு காக்கும் காலத்தில் வயிறும் அடித்துடுப்பும் கரி பூசியதுபோல் கறுத்துவிடும்.

இந்த மீனை வளர்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தால் உட்புறத்தில் முட்டை ஒட்டும். தாயும் தகப்பனும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரித்ததும் குஞ்சுகளை வாயில் கவ்வி மணலில் தோண்டிய குழிக்கு மாற்றும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் உடம்பை ஒட்டியே திரிந்து, தோலில் ஊறும் கோழையைக் கொத்தித் தின்னும். அந்த நாட்களில் பெற்றோரைப் பிரித்துவிட்டால், ஆர்டீமியா என்னும் நுண்ணிறாலை எவ்வளவு பொரித்துப் போட்டாலும் குஞ்சுகள் அதே வேகத்தில் தேறுவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தொட்டி வைத்திருக்கிறேன். ஏழு தொட்டி எதற்கு என்று கேட்கும் உறவினர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

தண்ணீர், எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர். கடினமான நீர்தான். அதில் மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பைக் கரைத்து, ஹைட்ரோமீட்டரில் 1.005 அளவுக்குக் கொண்டுவருவேன். வெயில் நம் ஊரில் இலவசம், ஹீட்டர் வாங்கியதே இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஊரே இருளில் மூழ்கியது. கடையில் இருந்த டியூபுலர் பேட்டரிகளை மாடிக்கு ஏற்றி, மின்சாரம் திரும்பும் வரை ஏர் பம்புகளை நிறுத்தாமல் ஓட்டினேன். ஒரு ஜோடிகூடச் சாகவில்லை.

இனி என் கேள்விகள். இந்த மீன்களில் ஒரு சிலவற்றையாவது முறைப்படி பிரான்சுக்குக் கொண்டுபோக வழி உண்டா? இல்லையென்றால், இந்த வம்சம் கலப்பில்லாமல் இங்கேயே தொடர என்ன ஏற்பாடு செய்துவிட்டுப் போவது? அங்கே வாடகை அடுக்குமாடியில், குளிர் நாட்டில், வெப்பமண்டல மீன் வளர்ப்பது நடக்கிற காரியமா? கடைசியாக ஒன்று. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை இங்கேயே இருந்துவிட்டுப் போகலாமே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்ணம் மகளுக்காகவா, மீனுக்காகவா என்று மனைவி கேட்டார். பதில் சொல்லவில்லை. இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

*

கொளத்தூர் பண்ணைக்காரர் (சென்னை):

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டு மீனைப் பெட்டியில் போட்டு விமானத்தில் எடுத்துப் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வண்ண மீன் ஏற்றுமதி என்பது தனித்தொழில். கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு வேண்டும், உடல்நலச் சான்றிதழ் வேண்டும், அந்தப் பக்கம் சரக்கைப் பெற்றுக்கொள்ள முறையான இறக்குமதியாளர் வேண்டும். நாங்கள் பெட்டிக் கணக்கில் அனுப்புவதால்தான் செலவு கட்டுப்படியாகிறது. பத்து இருபது மீனுக்காக அந்த ஏற்பாடு முழுவதையும் யாரும் அசைக்கமாட்டார்கள்.

ஆகவே இரண்டாவது கேள்விதான் முக்கியம். என் அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. ஒரு மின்வெட்டு, ஒரு நோய், ஒரு வீடு மாற்றம் போதும், எல்லாம் போய்விடும். மூன்று வீடு, முடிந்தால் மூன்று ஊர். ஒவ்வொருவருக்கும் வளர்ந்த ஜோடி ஒன்றைக் கொடுப்பதைவிட, வெவ்வேறு ஜோடிகளின் இளங்குஞ்சுகளைக் கலந்து பன்னிரண்டு, பதினைந்து என்று கொடுங்கள். அவை வளர்ந்து தாமே ஜோடி சேரட்டும். நீங்கள் சேர்த்துவைக்கும் ஜோடி அடித்துக்கொள்ளும், தாமாகச் சேரும் ஜோடி நிலைக்கும். ஒரே ஜோடியிலிருந்து பெருக்கிக்கொண்டே போனால் சில தலைமுறைகளில் உருவமும் பலமும் குன்றிவிடும்.

கடைக்கு மொத்தமாக விற்றுவிடாதீர்கள். கடைக்காரர் அவற்றை மஞ்சள் வகையோடு ஒரே தொட்டியில் விடுவார். அது அவர் குற்றம் ஆகாது, அவருக்கு இடம் அவ்வளவுதான். அதோடு உங்கள் வம்சம் முடிந்தது.

ஊருக்குள்ளே கொண்டுபோகும்போது ஒரு நாள் தீனி போடாமல் வைத்துப் பிறகு பையில் கட்டுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். இந்த மீனின் முதுகுத்துடுப்பு முள் பாலித்தீனைக் குத்தும். இரட்டைப் பை போட்டு, பெரிய மீனைத் தனித்தனியாகக் கட்டுங்கள். தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் வெயில் தாக்காது.

இன்னொன்று. "அதே சுண்ணாம்பாற்றிலேயே விட்டுவிடலாமே, அது அவற்றின் வீடுதானே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். தென்னமெரிக்க மீன்களும் தாய்லாந்து மீன்களும் இருக்கும் அதே மாடியில், அதே வலை, அதே குழாயோடு வாழ்ந்த மீன்கள் அவை. வெளியே தெரியாமல் என்ன நோயைச் சுமக்கின்றன என்று நமக்குத் தெரியாது. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனை ஏரியில் விட்டதன் பலனைத் தமிழ்நாட்டு மீனவர்கள் இன்று கிழிந்த வலையோடு அனுபவிக்கிறார்கள்.

*

காரைக்கால் மைந்தன் (பாரிஸ் புறநகர்):

அன்புள்ள நண்பருக்கு, உங்கள் மூன்றாவது கேள்வி என்னுடையது. காரைக்காலிலிருந்து இங்கே வந்து நெடுங்காலம் ஆகிறது. நான்காவது மாடியில் வாடகை வீடு. அதில் மூன்று தொட்டிகள். நடக்கிற காரியம்தான், ஆனால் நம் ஊரில் நினைத்தே பார்க்காத சில விஷயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. பாரிஸ் வட்டாரத்துக் குழாய் நீர் சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. கெண்டியில் ஒரு மாதம் வெந்நீர் வைத்தால் அடியில் வெள்ளைப் படலம் கட்டிவிடும். டெட்ராவும் டிஸ்கசும் வளர்ப்பவர்கள் இதற்காகச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வடிகட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். உங்கள் செல்லாக்காசுக்கு அந்த நீர் அப்படியே பொருந்தும், குளோரினை மட்டும் நீக்கினால் போதும். உப்புக்கு மேற்குக் கடற்கரையில் கெராந்து என்னும் ஊரின் உப்பளக் கல்லுப்பு கிடைக்கிறது. சாம்பல் நிறத்தில், பார்த்தால் மரக்காணம் நினைவு வரும். பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரித்தானிப் பக்கம் வேலை கிடைத்துப் போனீர்களானால் கணக்கு மாறும். அது கருங்கல் பூமி, நீர் மென்மையாக இருக்கும்.

அடுத்தது எடை. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. இங்கே குடியிருப்புத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் கொண்ட தொட்டி ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். மணல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்த்தால் 350 கிலோவைத் தொடும், அதுவும் அரை சதுர மீட்டர் இடத்துக்குள். பாரம் தாங்கும் சுவரை ஒட்டி, தளத்தின் உத்திரங்களுக்குக் குறுக்காக வைக்க வேண்டும். அறையின் நடுவில் வைக்கவே கூடாது. பழைய மரத்தளக் கட்டடமாக இருந்தால் நூறு லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழு தொட்டி என்ற பேச்சை இங்கே மறந்துவிடுங்கள். இரண்டு வைக்கலாம்.

வாடகைக்கு இருப்பவர் வீட்டுக் காப்பீடு எடுப்பது இங்கே சட்டப்படி கட்டாயம். தண்ணீர்ச் சேதம் அதில் அடங்கும். ஆனால் மீன்தொட்டி உடைந்து வரும் சேதத்துக்குச் சில காப்பீடுகளில் தனிப் பிரிவு இருக்கும், சிலவற்றில் விலக்கு இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஈரம் தெரிந்தால் அன்றைக்கே கதவைத் தட்டுவார்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டை 19 டிகிரியில் வைத்துக்கொள்ளும்படி அரசாங்கமே சொல்கிறது. மீனுக்கு 26 வேண்டும். 250 லிட்டருக்கு 200 வாட் ஹீட்டர் போட்டு, அது நாளில் பாதி நேரம் எரிகிறது என்று வையுங்கள். மாதம் 72 யூனிட். யூனிட் 20 முதல் 25 சென்ட் என்றால் மாதம் 14 முதல் 18 யூரோ, ஒரு தொட்டிக்கு மட்டும். பின்புறமும் பக்கங்களும் தெர்மாகோல் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் குறையும். மூடி இல்லாவிட்டால் ஜன்னலெல்லாம் நீர் வழிந்து சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

குளிரைவிட எனக்குக் கவலை தந்தது கோடை. 2019 ஜூலை 25 அன்று பாரிசில் 42.6 டிகிரி. இந்த வீடுகள் வெப்பத்தை உள்ளே பூட்டிவைக்கக் கட்டப்பட்டவை. கூரை மின்விசிறி கிடையாது, குளிர்சாதனம் அரிது. புதுச்சேரி மாடியில் காற்றாவது வரும். அந்த வாரம் தொட்டிகளின் மீது சிறு விசிறி வைத்து ஓட்டி, பனிக்கட்டி நிரப்பிய பாட்டில்களை மிதக்கவிட்டு மீன்களைக் காப்பாற்றினேன்.

இங்கே மீன் வளர்ப்பவர்கள் சின்னக் கூட்டம் இல்லை. உங்கள் செல்லாக்காசும் அடங்கிய சிக்லிட் இன மீன்களுக்கென்றே பிரான்ஸ் சிக்லிட் என்ற சங்கம் இருக்கிறது. சீனத்துச் சொர்க்க மீனை 1869இலேயே வரவழைத்துப் பாரிசில் குஞ்சு பொரிக்கவைத்த கார்போனியேயின் ஊர் இது. வந்ததும் எட்டாம் எண் மெட்ரோ பிடித்து போர்த் தோரே நிறுத்தத்தில் இறங்குங்கள். 1931 குடியேற்ற நாட்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய மாளிகையின் அடித்தளத்தில் வெப்பமண்டல மீன்காட்சியகம் இருக்கிறது. அந்த மாளிகையைக் கட்டிய காலத்தில் நம் ஊர்களும் அவர்கள் வரைபடத்தில்தான் இருந்தன. நான் வந்த புதிதில், யாரோடும் பேச முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். மகளையும் கூட்டிப் போங்கள்.

மீன் வராவிட்டாலும் செடி, நத்தை கொண்டுவரலாமே என்று நினைத்துவிடாதீர்கள். வெங்காயத்தாமரை, கபோம்பா இரண்டையும் 2016இலேயே ஐரோப்பிய ஒன்றியம் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சேர்த்துவிட்டது. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் கொசுவுக்காகக் கிணற்றில் விடும் கம்பூசியா மீனும் பின்னர் சேர்ந்தன. ஆப்பிள் நத்தைக்கு 2012 முதல் தடை. நம் ஊரில் வாசலில் கிடப்பவை இங்கே வீட்டில் வைத்திருந்தாலே குற்றம்.

*

வில்லியனூர் பேட்டரிக்கடை (புதுச்சேரி):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கொளத்தூர் ஐயா சொன்னதில் எனக்கு மறுபேச்சே இல்லை, மூன்று வீடு என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். காரைக்கால் அண்ணா, 150 கிலோ கணக்கை மைத்துனருக்குச் சொன்னேன். அவர் இருப்பதும் நான்காவது மாடி, பழைய கட்டடம். தளம் மரமா கான்கிரீட்டா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஒரு சந்தேகம். சங்கத்துக்காரர்களிடம் செல்லாக்காசு கிடைக்குமா? மஞ்சள் வகையைக் கேட்கவில்லை. இயல்பு நிறம் உள்ளது, எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று வளர்ப்பவருக்குத் தெரிந்தது.

*

காரைக்கால் மைந்தன் (பாரிஸ் புறநகர்):

ஐரோப்பாவில் இந்த மீனைப் பல தலைமுறைகளாக வளர்க்கிறார்கள். இயல்பு நிறமும் தேடினால் கிடைக்கும், ஆனால் பிடித்த ஆற்றின் பெயரோடு கிடைப்பது அபூர்வம். அந்தப் பெயருக்கு இங்கே உள்ளவர்கள் மிகுந்த மதிப்புத் தருவார்கள். நீங்கள் வந்த பிறகு, யாராவது முறையான இறக்குமதியாளர் சென்னையிலிருந்து சரக்கு எடுக்கும்போது ஒரு பெட்டியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து அப்படி வரும் மீனுக்கு விலங்கு நலச் சான்றிதழும் எல்லையில் கால்நடை அதிகாரிகளின் சோதனையும் உண்டு. நேரம் பிடிக்கும். ஆனால் அதுதான் நேர்வழி, அதற்கு முதலில் வம்சம் இங்கே அல்லாமல் அங்கே உயிரோடு இருக்க வேண்டும்.

*

யாரா நதி (மெல்பர்ன்):

நானும் பாண்டிச்சேரிக்காரன், முதலியார்பேட்டை. ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் பிரான்சு எவ்வளவோ இலகு. இங்கே தனி ஆள் செல்ல மீனைக் கொண்டுவர இடமே இல்லை. அனுமதிப் பட்டியலில் உள்ள இனங்களை மட்டும், உரிமம் பெற்ற இறக்குமதியாளர்கள், தனிமைப்படுத்தல் முடித்துக் கொண்டுவரலாம். விரால் இனம் முழுவதற்கும் தடை. நான் வரும்போது என் தொட்டிகளை எல்லாம் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் இப்போது மீன்வளம் படிக்கிறான்.

*

கெடிலக்கரை ஆசிரியை (கடலூர்):

அண்ணா, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. மாடியில் மூன்று சிமெண்டுத் தொட்டிகளில் நம் ஆற்று மீன்களை மட்டும் வளர்க்கிறேன். உங்கள் கேள்வியை முழுதாகப் படித்த பிறகு இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலாவது, உங்கள் மீன்களை நான் எடுத்துக்கொள்கிறேன். கொளத்தூர் ஐயா சொன்ன மூன்று வீடுகளில் ஒன்றாக என் வீட்டை எழுதிக்கொள்ளுங்கள். என்னிடமும் செல்லாக்காசு இருக்கிறது, உப்பனாற்றுக் கழிமுகத்தில் பிடித்தவை. இரண்டையும் சேர்க்கமாட்டேன். இரு ஆறுகளும் அடுத்தடுத்த ஊரில் ஓடினாலும், எது எங்கே பிடித்தது என்ற விவரம் ஒருமுறை கலந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. வடக்கு மூலைத் தொட்டியை உங்களுடையவற்றுக்கு மட்டும் ஒதுக்குகிறேன். வலையும் வாளியும் தனி. தந்தை எந்த ஆண்டு வாங்கினார், எத்தனை மீன், இடையில் எத்தனை தலைமுறை என்று நினைவில் உள்ளதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தாருங்கள். நினைவில் இல்லாததை ஊகித்து எழுத வேண்டாம், இடம் விட்டுவிடுங்கள்.

இந்த விவரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று என் மாணவர்களுக்கு இப்படிச் சொல்வேன். பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற மதபோதகர் நம் கடற்கரை மீன்கள் பலவற்றைப் பதப்படுத்தி பெர்லினுக்கு அனுப்பினார். அங்கே பிளாக் என்ற மருத்துவர் மீன்களை விவரித்துப் பெயரிட்டார். செல்லாக்காசின் பெரிய உறவினமான சேத்துக்கெண்டைக்கு 1790இலும் செல்லாக்காசுக்கு 1795இலும் பெயர் வைத்தவர் அவர்தான். சேத்துக்கெண்டைக்கு அவர் கொடுத்த பெயரில் சூரத் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீன் என்னவோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. ஒரு சீட்டில் எழுதிய ஊர்ப்பெயருக்கு அவ்வளவு ஆயுள் இருக்கிறது அண்ணா. உங்கள் தொட்டியில் ஒட்டும் சீட்டில் "நோணாங்குப்பம், சுண்ணாம்பாறு" என்று சரியாக இருக்கட்டும்.

என் தொட்டியில் இரண்டு இனங்களும் ஒன்றாக வளர்ந்த காலம் உண்டு. செல்லாக்காசுகள் சேத்துக்கெண்டையின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். சேத்துக்கெண்டை அசையாமல் நின்று இடம் கொடுக்கும். ஆய்வாளர்கள் 1970களிலேயே பதிவு செய்த பழக்கம்தான், ஆனால் கண்ணால் பார்க்கும்போது வகுப்பே வாயடைத்து நிற்கும். பிரான்சில் உங்களுக்கு இரண்டு தொட்டிதான் என்றாலும், ஒன்றில் இந்த ஜோடி வாழ்க்கையை வைக்க முடியுமா என்று பாருங்கள். சேத்துக்கெண்டை பெரிதாக வளரும் என்பதால் இடம் யோசித்துச் செய்யுங்கள்.

புயல் பற்றிக் கவலை வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊரைச் சாய்த்துப் போட்ட பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அதற்குப் பிறகுதான் சிமெண்டுத் தொட்டிக்கு மாறினேன். பரந்த நீர்ப்பரப்பு, குறைந்த மீன், வேலம்பாசி. ஏர் பம்பு இல்லாமலே நிற்கும். அண்ணன் ஒரு நல்ல பேட்டரி கொடுத்துவிட்டுப் போனால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

இரண்டாவது, மகளைப் பற்றி. பன்னிரண்டு முடித்துவிட்டுப் போகலாம் என்கிறீர்கள். ஆசிரியையாகச் சொல்கிறேன், நடுவில் போவதைவிடப் பத்து முடித்த கையோடு போவது நல்லது. அங்கே லீசே மூன்று ஆண்டு, முதல் ஆண்டிலேயே சேர்ந்தால்தான் பக்கலோரேயா தேர்வுக்கு மொழியும் பாடமும் சேர்ந்து வரும். பன்னிரண்டை இங்கே முடித்துவிட்டுப் போனால் அவள் பிரெஞ்சில் நேரே பல்கலைக்கழகப் பாடம் கேட்க வேண்டியிருக்கும். மீனுக்கு நான் இருக்கிறேன், கொளத்தூர் ஐயா இருக்கிறார். அவளுடைய வகுப்பில் அவளுக்காக வேறு யாரும் உட்கார முடியாது. உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு இன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள்.

*

கொளத்தூர் பண்ணைக்காரர் (சென்னை):

ஆசிரியை அம்மா சொன்னதுதான் சரி. இரண்டாவது வீடு என் பண்ணை. விற்பனைத் தொட்டிகள் இருக்கும் கொட்டகையில் வைக்கமாட்டேன், வீட்டுப் பின்கட்டில் என் பேரன் பார்த்துக்கொள்வான். மூன்றாவது வீட்டைப் புதுச்சேரியிலேயே தேடுங்கள், அந்த நீர் தெரிந்த ஆளாக. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கோமாளி மீனைத் தொட்டியில் பெருக்கியவர்கள் அவர்கள். வெள்ளாற்றுக் கழிமுகத்தின் கரையிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கழிமுக மீனைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. போய்ப் பேசிப் பாருங்கள், ஆலோசனையாவது கிடைக்கும்.

*

வில்லியனூர் பேட்டரிக்கடை (புதுச்சேரி):

மனைவியிடம் பதில் சொல்லிவிட்டேன். பாதி மகளுக்காக, பாதி மீனுக்காக என்றேன். மகளைப் பற்றி ஆசிரியை அம்மா எழுதிய பகுதியை இருவரும் சேர்ந்து படித்தோம். தேர்வு முடிவு வந்ததும் விசாவுக்கு எழுதுகிறோம். செப்டம்பர் வகுப்புத் தொடக்கத்துக்குள் அங்கே இருக்க வேண்டும்.

ஏஞ்சல், கௌராமி, டெட்ரா தொட்டிகளை இந்த மாதமே கொடுத்துவிடப் போகிறேன். மூன்றாவது வீடு கிடைத்துவிட்டது. தவளக்குப்பத்தில் என்னிடம் பேட்டரி வாங்கும் மெக்கானிக் ஒருவர், அவருடைய மகன் இரண்டு ஆண்டாக என் மாடிக்கு வந்து தண்ணீர் மாற்றிக் கொடுக்கிறவன். ஜோடிகளின் குணம் அவனுக்கு என்னைப் போலவே தெரியும். மூன்றாவது தொட்டி ஆண் மீன் ஆளைக் கண்டால் கண்ணாடியை முட்டும், அதற்குப் பின்னால் ஒரு பழைய காலண்டர் அட்டையை நிறுத்த வேண்டும் என்பதை எனக்கே அவன்தான் சொன்னான். ஏழில் மூன்று தொட்டிகளை மீன்களோடு முழுதாக அவனுக்கே கொடுக்கிறேன்.

காரைக்கால் அண்ணா, மைத்துனர் வீட்டுத் தளம் மரம். அதனால் முதல் ஆண்டு தொட்டியே வைக்கப்போவதில்லை. எங்களுக்கென்று வீடு பார்க்கும்போது தரைத்தளமோ கான்கிரீட் தளமோ என்று கேட்டே பார்ப்பேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் போர்த் தோரேவுக்கு வருவோம், நீங்களும் வாருங்கள்.

ஆசிரியை அம்மா, நோட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். அம்மாவிடம் கேட்டதில், தந்தை முதலில் வாங்கி வந்தது ஒரு மண்பானை நிறைய என்பது மட்டும் உறுதி. எண்ணிக்கை தெரியாது, இடம் விட்டுவிட்டேன். இப்போது நான்கு ஜோடிகளின் குஞ்சுகள் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்திருக்கின்றன, பையில் கட்டத் தாங்கும். டியூபுலர் பேட்டரி ஒன்றும் சேர்த்தே கொண்டுவருகிறேன். என் தொட்டிகளில் உப்பு 1.005. உங்கள் சிமெண்டுத் தொட்டி நன்னீராக இருந்தால் இங்கேயே மெல்ல மெல்ல உப்பைக் குறைத்துப் பழக்கிவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும், அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். புதுச் சிமெண்டுப் பூச்சு ஏதாவது செய்திருந்தால் காரத்தன்மையும் பார்க்க வேண்டும். வடக்கு மூலைத் தொட்டியின் நீரை அளந்து இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டுக் கடலூர் வரும் நாளைச் சொல்கிறேன்.